ஓர் அகப்பை குறைவு

1993ஆம் ஆண்டு நவம்பர் பதினேழாம் திகதி முதல், சுவிற்சர்லாந்தின் கூர் நகர ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு விடுதியின் சமையலறையில் ஒரு கிடாரம் பார்லி சூப் கொதித்துக்கொண்டிருந்த வரைக்கும், ஐயாயிரம் கிலோமீற்றர் தள்ளியிருந்த ஒரு நாட்டில் யாரும் யாரையும் சுடவில்லை. அடுப்பை அணைத்தால் சுட்டார்கள். கிடாரம் அலுமினியம், நாற்பது லீற்றர் பிடிக்கும், இடதுபக்கக் கைபிடியில் ஒரு நெளிவு. நாட்டின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. அதற்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் மற்றப் பக்கம் மேசையை விட்டு எழும்பிவிடும். எழும்பியவர்களை மறுபடி இருத்தப் பதினொரு நாள் பிடிக்கும் என்பதை விடுதியை நடத்திய எலேனா அம்மையார் அனுபவத்தில் கற்றிருந்தார்.

அந்தப் பதினொரு நாளும், சண்டை பிடித்த இரு பக்கத்துத் தூதுக்குழுக்களும் இரகசியமாக அங்கே தங்கி, எந்தக் கதவால் யார் முதலில் உள்ளே வருவது, ஜன்னல் பக்கம் யாருக்கு, தண்ணீர்ப் போத்தல் யாருக்குக் கிட்ட என்றே வழக்காடின. சாப்பாட்டிலும் ஒரு பக்கம் தொட்டதை மறுபக்கம் தொடவில்லை. பேரம் படியாத இடத்தில் இரண்டு பக்கமும் பசியை மறைப்பது வழக்கம்; முகத்தில் பசி தெரிந்தால் விலை ஏறிவிடும். பன்னிரண்டாம் நாள் தலைமைச் சமையற்காரர் காய்ச்சலில் படுத்தார். இரண்டு விதமாகச் சமைக்கத் தன்னால் ஏலாது, ஒரே கிடாரம், ஒரே சூப், விருப்பமானவர் சாப்பிடலாம் என்று எலேனா சொல்லிவிட்டார். சாப்பிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்று பின்னேரம், யாரும் எதிலும் கையெழுத்து வைக்காமலே, அந்த நாட்டில் துவக்குகள் ஓய்ந்தன.

இதைக் கண்டுபிடித்தவர் அந்தச் சூப்பை அகப்பையால் அள்ளி வைத்த தவராஜா. கொக்குவில்காரர், வயது முப்பத்துநாலு, மூன்று வருடமாக அங்கே பாத்திரம் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு சூப் அடுப்புக்கு உயர்ந்தவர். மனைவி யசோதராவும் மகளும் கொக்குவிலில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுகிற தகுதி அவர் கையிலிருந்த விசாவுக்கு இல்லை. அந்தத் தகுதி எப்போது வரும் என்று கேட்டால் பேர்ண் நகரத்து அதிகாரிகள் கடிதம் போடுவோம் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷெல்லடி எத்தனைக்குத் தொடங்கியது, எத்தனைக்கு நின்றது என்று எங்காவது குறித்துவைப்பார்கள். அடுத்தது எப்போது வருமென்று கணக்குப் பார்க்கத்தான். தவராஜா ரேடியோச் செய்தியைக் கேட்டு, சொந்த நாட்டுச் சண்டையோடு இந்த வெளிநாட்டுச் சண்டையையும் கலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தார். விடுதிக்குத் திங்கட்கிழமை ஓய்வுநாள்; மற்ற நாள்களில் இரவிலும் சூப் சிறு நெருப்பில் கொதிக்கும். ஞாயிறு சாப்பாடு முடிந்து அடுப்பு அணைந்தால் அங்கே தொடங்கியது. செவ்வாய் காலை மூட்டினால் நின்றது. மூன்று கிழமை பார்த்துவிட்டு எலேனாவிடம் போய்த் தனது சமையலறை ஜெர்மனில் சொன்னார். அவர் சிரித்தார். ஆனாலும் சுவிஸ்காரர் இல்லையா, பரிசோதித்துப் பார்க்காமல் விடவில்லை. ஓட்டப்பந்தயக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் அடுப்பை அணைத்தார். அந்த நாலு நிமிடத்தில் அங்கே ஒரு தண்ணீர்த்தாங்கியும் ஒரு தபால் கந்தோரும் போயின. அதற்குப் பிறகு யாரும் பரிசோதிக்கவில்லை. திங்கட்கிழமை ஓய்வும் இல்லாமல் போயிற்று.

உலகம் தன் வழக்கப்படி காவலுக்கு ஆள் அனுப்பியது. நாலு நாடுகளிலிருந்து பத்தொன்பது கண்காணிப்பாளர்கள் இளநீலத் தொப்பியோடு வந்திறங்கினார்கள். தலைவர் லோசானைச் சேர்ந்த மிஷெல் என்ற கப்டன். அமைதிப்படை வருகிறது என்று எலேனா சொன்னதும், வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும்தான் தாமதம், தவராஜா குளிரறைக்குள் புகுந்து பாலாடைக்கட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டார். அமைதிப்படை என்ற பெயரில் ஒருமுறை ஊருக்குள் ஆமி வந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கால் தன்பாட்டில் ஓடும். இருபது நிமிடம் கழித்து விறைத்துப்போனவரை வெளியே இழுத்தார்கள். காரணம் கேட்டறிந்த மிஷெல் அன்றோடு சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சமையற்காரர் போடுகிற மரச்செருப்போடு நடமாடினார். நல்ல மனிதர். ஆனால் அவர் கையிலிருந்த ஆணைப்பத்திரம் அவ்வளவு நல்லதல்ல. கண்காணிப்பாளர்கள் கிடாரத்தைப் பார்க்கலாம், அளக்கலாம், எழுதலாம். அடுப்பையோ அகப்பையையோ தொடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்திரம் புதுப்பிக்கப்படும். 1994 பெப்ரவரியில் தவராஜா கழிவறைக்குப் போன சமயம் சூப் பொங்கியது. காவலில் நின்ற இருவரும் நுரை விளிம்புக்கு வந்த நேரத்தையும், விளிம்பைத் தாண்டிய நேரத்தையும், நெருப்பில் விழுந்த நேரத்தையும் மூன்று பிரதிகளில் எழுதினார்கள். தவராஜா பாதி ஏற்றிய காற்சட்டையோடு ஓடிவந்து நெருப்பைக் குறைத்தார். அந்த அறிக்கை மிகச் சிறந்ததென்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

சுடாமல் இருக்கிற நாட்டைவிடச் சூப்பைக் காக்கிற ஊருக்குத்தான் நித்திரை போயிற்று. நகரத்து எரிவாயுப் பகுதி குழாய் திருத்த வருவதற்கு மூன்று மாதம் முன்னரே அறிவித்தல் கொடுத்தது. வந்தவர்கள் குழாயைத் தொடவே பயந்து திரும்பிப் போனார்கள். இடி இடித்தால் அயல்வீட்டார் கரி மூட்டையோடு வாசலில் வந்து நின்றார்கள். பின்தெருவால் போகிற பாரவண்டிகள் ஊர்ந்து போயின. எலேனா எந்தக் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கிற பழக்கத்துக்கு வந்தார். தவராஜாவும் ஒரு போர்த்துக்கீசப் பெண்ணும் ஓர் இத்தாலியக் கிழவரும் முறைவைத்துத் துழாவினார்கள். குமிழிக்கும் குமிழிக்கும் இடையில் சற்றே கூடுதல் நேரம் போனால் தவராஜாவின் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பஸ்ஸில் இருந்தாலும் அவருடைய வலதுகை மடியில் மெல்லச் சுற்றிக்கொண்டேயிருக்கும். கிடாரத்திலிருந்து தூதுக்குழுக்களைத் தவிர வேறு யாருக்கும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, அவர்களுக்கும் இரு பக்கத்தாரும் சேர்ந்து இருக்கும்போதுதான் என்பது எலேனாவின் கட்டளை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, சாப்பிட்டு, ஏசுப்பட்டுப் போனார்கள். குறைந்த அளவுக்குத் தண்ணீரும் பார்லியும் லீக்ஸும் போட்டால் சூப் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். எதிலும் கையெழுத்து மட்டும் விழவில்லை. கடன் தருகிறவன் வட்டி கேட்காவிட்டால் யார் அவசரப்பட்டு முதலைத் திருப்புவார்கள்?

1995 ஏப்ரலில் தவராஜாவின் சொந்த நாட்டில் போர்நிறுத்தம் முறிந்தது. அதன் பிறகு யசோதராவின் கடிதங்கள் வர வரச் சுருங்கின. கடைசிக் கடிதத்தில் பிள்ளைக்குப் பல் விழுந்தது, பங்கர் வெட்டியாயிற்று, வேறு விசேஷம் இல்லை என்றிருந்தது. பாசலில் மளிகைக்கடை வைத்திருந்த ஸ்ரீஸ்கந்தராஜா கூருக்கு அரிசி இறக்க வரும்போதெல்லாம் சமையலறைப் பின்கதவால் எட்டிக் கிடாரத்தைப் பார்ப்பார். அவருடைய கண்ணுக்கு உலகத்தில் சரக்கு இரண்டு வகைதான், பிரிக்கக்கூடியது, பிரிக்க முடியாதது.

“தம்பி, தயிருக்கு என்ன செய்யிறம்? பக்கத்து வீட்டில ஒரு கரண்டி உறைமோர் வாங்கிறம். குடுத்ததால பக்கத்து வீட்டுத் தயிர் வத்திப்போச்சோ?”

“அண்ணை, இது தயிர் இல்லை.”

“தயிர் இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது? ஒரு அகப்பை. நான் புதுசா ஒரு சட்டி பார்லி வைக்கிறன், அதுக்குள்ள இதை விடுறம். எங்கட பக்கத்துக்கு நான் இருக்கிறன். மற்றப் பக்கத்துக்கு ஒராளை நான் பிடிக்கிறன்.”

“இவங்கட ஆக்களுக்கு ஏதும் நடந்தா?”

“நடக்குமெண்டும் தெரியாது, நடக்காதெண்டும் தெரியாது. மனிசி பிள்ளை அங்க கிடக்கிறது மட்டும் தெரியும். யோசிச்சுச் சொல்லு.”

தவராஜா ஆறு மாதம் யோசித்தார். ஒக்டோபர் முப்பதாம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் மூட்டை முடிச்சோடு தெருவில் இறங்கி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடக்கிறது என்று ரேடியோ சொன்னது. இலட்சக்கணக்கான சனம், ஒரு பாலம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கண்காணிப்பாளர்கள் முறை மாறினார்கள். மாறும்போது இருவரும் குனிந்து ஒரே புத்தகத்தில் கையெழுத்து வைப்பார்கள். அந்த அரை நிமிடம் பத்தொன்பது பேரில் ஒருவரும் கிடாரத்தைப் பார்ப்பதில்லை. தவராஜா ஓர் அகப்பை சூப்பை அள்ளிச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி மூடினார். துழாவுகிற கோலைப் போர்த்துக்கீசப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பல் வலி என்று சொல்லி ரயிலேறினார். சூரிச்சில் மாறி, பாசல் வரைக்கும் போத்தலைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தபடி போனார்.

கடையின் பின்னறையில் ஸ்ரீஸ்கந்தராஜா பார்லிச் சட்டியை வைத்து ஆயத்தமாக இருந்தார். மற்றப் பக்கத்துக்கு அவர் பிடித்திருந்தது, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த ஒரு மாத்தறைச் சிங்களவரை; மாசிக்கருவாடு வாங்கக் கிழமைக்கொருமுறை கடைக்கு வருகிறவர். உறையை விட்டுக் கலக்கி, ஒன்று ஐம்பதுக்கு இரண்டு கோப்பைகளில் ஊற்றினார்கள். மாத்தறைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில், “முதலாளி, இதுல மிளகாய் இல்லை” என்றார். பிறகு ஏப்ரலில் யார் முதலில் முறித்தது என்ற கதை வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார், மாத்தறைக்காரரும் எழும்பினார். தவராஜா இருவருடைய தோளையும் பிடித்து இருத்தினார்.

“உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், சண்டையைப் பிறகு பிடியுங்கோ. முதல் குடியுங்கோ. மெல்லக் குடியுங்கோ. ஒரு சொட்டையும் சிந்தாதேங்கோ.”

மெல்லக் குடித்தார்கள். தவராஜாவின் கண்ணீர் மேசையில் விழுந்ததைப் பார்த்த பிறகு ஏப்ரலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு முப்பதுக்குச் சட்டியில் இருந்தது வெறும் பார்லித் தண்ணீர் ஆயிற்று, மணமும் மாறிற்று. உறை பிடிக்கவில்லை. மேலும் ஒரு கோப்பை குடித்துப் பார்த்தார்கள், வயிறு ஊதியதுதான் மிச்சம்.

பின்னேரம் தவராஜா கூருக்குத் திரும்பியபோது எலேனா சுவரில் சாய்ந்து நின்றார். கூர் நேரம் ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டு முப்பது வரை அந்த நாட்டின் சந்தைப்பட்டினம் ஒன்றில், கிடாரம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஷெல் விழுந்திருந்தது. பாண் வாங்க வரிசையில் நின்ற ஏழு பேர் செத்துப்போனார்கள். கிடாரத்தில் ஓர் அகப்பை குறைவு என்பதை மிஷெலின் ஆட்கள் அளந்து எழுதியிருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த ஓர் அகப்பை நிறையவில்லை. ஊற்றியதெல்லாம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே நாற்பது நிமிடம். இரண்டு பேர். மூன்றாம் நாள் ஒரு கழுதை. பிறகு அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் தெருவில் நிற்கவில்லை.

தூதுக்குழுக்கள் பறந்து வந்தன. மற்றப் பக்கம்தான் களவாகக் குடித்தது என்று இரண்டு பக்கமும் சத்தம் போட்டன. சமையலறையில் நாற்காலி தூக்குகிற அளவுக்கு வந்துவிட்டது. அடுப்பை அணையுங்கள், முழுதாக அடித்தே தீர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு பக்கத்துத் தளபதி திருகியில் கை வைத்தார். மிஷெலின் ஆட்கள் கை வைத்த நேரத்தை எழுதினார்கள். அப்போதுதான் தவராஜா, எடுத்தது தான் என்று சொன்னார். எதற்கு, எங்கே, யார் குடித்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். எலேனா வாயைப் பொத்திக்கொண்டார். மற்றப் பக்கத்தின் தலைவி ஒரு பல்வைத்தியர், அறுபதைத் தாண்டியவர், ஷெல் விழுந்த சந்தைப்பட்டினத்தில் பிறந்தவர். அவர் மிஷெலைக் கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். உன் மனைவியும் பிள்ளையும் பாலத்தைக் கடந்தார்களா?

“தெரியாது” என்றார் தவராஜா. “இன்னும் ஒரு சேதியும் வரேல்லை.”

பல்வைத்தியர் ஒரு முக்காலியை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். எங்கள் ஊர் ஒன்பது பேரும் எதற்காகப் போனார்கள் என்று தெரியாமல் நான் இந்த இடத்தைவிட்டு எழும்பப்போவதில்லை என்றார். அவரைக் கிடாரத்தோடு தனியே விட மனமில்லாத தளபதி மறுபக்கத்தில் இன்னொரு முக்காலியைப் போட்டார். இப்படியே ஐந்து கிழமை இருந்தார்கள். சமையலறையில் இருக்கிறவர்களுக்கு எலேனா வேலை கொடுக்காமல் விடுவதில்லை. பல்வைத்தியர் கரட் சீவினார், தளபதி உருளைக்கிழங்கு உரித்தார், தோல் தடிப்பாக வருகிறதென்று ஏச்சும் வாங்கினார். தினமும் ஒன்று ஐம்பதுக்கு இருவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முப்பது வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் தவராஜா நெருப்பைப் பார்த்தபடி நின்றார். அங்கே விழுவதை நினைப்பதா, இங்கே வராத கடிதத்தை நினைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் நினைத்தார். ஐந்து கிழமையில் எட்டுக் கிலோ குறைந்தார். தபால்காரர் பின்தெருவுக்குள் திரும்புகிற நேரம் பத்தொன்பது கண்காணிப்பாளரும் கிடாரத்தை விட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். ஆணைப்பத்திரத்தில் அதற்கு இடமில்லை.

டிசம்பர் எட்டாம் திகதி கொழும்பு முத்திரையோடு கடிதம் வந்தது. தவராஜா அதைப் பிரிக்காமல் எலேனாவிடம் நீட்டினார். எலேனா கத்தியால் பிரித்துக் கொடுத்தார். யசோதரா எழுதியிருந்தாள். இரண்டாம் நாள் பின்னேரம் ஆறேகால், ஆறரை இருக்கும், பாலத்துக்குக் கிட்ட நெரிபட்டுக்கொண்டு நிற்கும்போது முன்னும் பின்னும் கேட்டுக்கொண்டிருந்த வெடிச்சத்தம் சட்டென்று நின்றதாம். அவ்வளவு சனத்துக்குள்ளும் செருப்புகள் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டதாம். பிள்ளை அம்மா செவி அடைச்சுப்போச்சோ என்று கேட்டதாம். ஏழு மணிவரைக்கும் அப்படியே இருந்ததாம், அதற்குள் கடந்துவிட்டார்களாம். இப்போது கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். பாசலில் ஒன்று ஐம்பது என்றால் யாழ்ப்பாணத்தில் ஆறு இருபது. தவராஜா ஜெர்மனில் சொல்ல, மிஷெல் அதைப் பிரெஞ்சில் சொல்ல, பல்வைத்தியர் தங்கள் மொழியில் தளபதிக்குச் சொன்னார். சொல்லி முடித்து, அந்தச் செருப்புச் சத்தத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். மூன்றாம் முறையும் கேட்டார்.

அன்று பின்னேரம் இரண்டு பக்கமும் முதன்முதலாக ஒரே தாளில் கையெழுத்து வைத்தன. உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய அந்தத் தாளில் இரண்டு விடயங்கள். தினசரி நாற்பது நிமிடத்துக்கும் இரு தரப்பும், வடக்கே ஆடுகூட ஏறாத ஒரு மொட்டை மலையை நோக்கி மட்டுமே சுட வேண்டும். இரண்டாவது, தவராஜாவை அடுப்பை விட்டு நீக்கக் கூடாது. எலேனா அவரை அன்றே நிறுத்துவதாக இருந்தார், தளபதி விடவில்லை. அகப்பையைத் தொடாமல் நிற்கிற பத்தொன்பது பேரைவிட, தொட்டதை வாய்விட்டுச் சொன்ன ஒருவனை நம்பலாம் என்பது அவருடைய கணக்கு. பல்வைத்தியரின் கணக்கு வேறு. ஓர் அகப்பையின் விலை தெரிந்தவன் உலகத்தில் இவன் ஒருவன்தான் என்றார். அடுப்பை விட்டு நீக்க முடியாதவரை நாட்டை விட்டு அனுப்புவது எப்படி என்று பேர்ணில் ஒரு வருடம் ஆலோசித்து, முடியாது என்ற முடிவுக்கு வந்து, நிரந்தர விசா கொடுத்தார்கள். களவெடுத்ததால் கிடைத்த விசா என்று பாசலில் சிலர் பகிடி பண்ணினார்கள். தவராஜா அதற்குச் சிரித்ததில்லை.

1997 மார்ச்சில் யசோதராவும் மகளும் சூரிச்சில் வந்திறங்கினார்கள். மறுநாள் மதியம் தவராஜா அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். மகளை எலேனா கேக் கொடுத்து முன்பக்கம் அழைத்துச் சென்றார். யசோதரா கிடாரத்தை எட்டிப் பார்த்தாள்.

“இதோ? இதுக்கோ இவ்வளவு ஆமியும்?”

தவராஜா எல்லாவற்றையும் சொன்னார். கடிதத்தில் எழுதாத ஏழு பேரையும், அடுத்தநாள் இரண்டு பேரையும் சொன்னார்.

“நான் அப்ப நினைச்சன், கடவுள்தான் எங்களுக்கு அந்த நேரத்தைத் தந்தவரெண்டு.”

“இல்லையப்பா. நான்தான்.”

“இஞ்சாருங்கோ, என்னட்டக் கேட்டிருந்தா வேண்டாமெண்டு சொல்லியிருப்பன்.” பிறகு உள்ளே கேட்ட மகளின் சிரிப்புக்குக் காது கொடுத்துவிட்டு, “சொல்லியிருப்பனோ தெரியாது” என்றாள். “அந்த நேரம் எத்தினைக்கு வரும்?”

“இன்னும் பத்து நிமிசம்.”

“அகப்பையை இஞ்ச தாங்கோ. நீங்கள் போய் இருங்கோ.”

அன்று முதல் அந்த நாற்பது நிமிடம் யசோதராவின் முறை. வேலைப் பட்டியலில் எலேனா அதைத் தனிக் கட்டமாக அடித்து ஒட்டினார். 1999 டிசம்பரில் ஆணைப்பத்திரத்தைப் பன்னிரண்டாம் தடவையாகப் புதுப்பித்தார்கள். அந்த நாட்டில் கூர் நேரம் ஒன்று ஐம்பதுக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கிறது, பாண்கடைகள் கதவைச் சாத்துகின்றன, கடிதம் எழுதுகிறவர்கள் மழைக்காலத்தைக் குறிப்பிடுவது போல அந்த நேரத்தைக் குறிப்பிடுகிறார்கள். மொட்டை மலை தேய்ந்துகொண்டே வருகிறது. அதன் உயரத்தை வரைபடத்தில் இரண்டு முறை குறைத்துப் பதித்தாயிற்று. மலை தீர்ந்தால் எதைச் சுடுவது என்று அடுத்த கூட்டத்தில் பேசவிருக்கிறார்கள். தளபதிக்கு ஒரு பாழடைந்த சீமெந்துத் தொழிற்சாலை மேல் கண். பல்வைத்தியர் இன்னும் படியவில்லை. இரண்டு முப்பதுக்கு யசோதரா முகத்தைத் துடைத்துக்கொண்டு அகப்பையைக் கணவரிடம் கொடுப்பாள். மிஷெல் மட்டத்தை அளந்து, ஓர் அகப்பை குறைவு, மற்றப்படி வழமை என்று எழுதுவார். பிறகு எல்லோரும் பின்னேரத்துக்குச் சலாது இலை கழுவப் போவார்கள்.